பழைய ஃபிளாட் வாங்கி, சீரமைத்து, வாடகைக்கு விடுவது: சென்னைக்கான கணக்கும் வேலை வரிசையும்

சென்னையில் வாடகை இஎம்ஐயைக் கட்டாது. புரோக்கர் என்ன சொன்னாலும், வீட்டைப் பார்க்கக் கிளம்புவதற்கு முன் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

நங்கநல்லூர், குரோம்பேட்டை போன்ற ஒரு பகுதியில் 28 வருடப் பழைய ஃபிளாட், 850 சதுர அடி, இரண்டு படுக்கையறை, 55 லட்சத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 4.95 லட்சம். புரோக்கருக்கு 1 சதவீதம் என்றால் 55,000. வக்கீல், வங்கியின் பிராசஸிங் கட்டணம், அடமானப் பதிவு, பத்திரம் எழுதும் செலவு எல்லாவற்றுக்கும் ஒரு 50,000. சீரமைப்புக்கு 6.5 லட்சம். ஆக மொத்தம் 67.5 லட்சம். மாத வாடகை 18,000 வந்தால், வருடத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று கழித்து 1,98,000. சொத்து வரி, தண்ணீர் வரி 8,000, சில்லறை ரிப்பேர் 15,000 போக மிஞ்சுவது 1,75,000. போட்ட பணத்துக்கு 2.6 சதவீதம்தான்.

இதில் 40 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்குக் கடனாக வாங்கினால் இஎம்ஐ சுமார் 34,700. வாடகை போக மாதாமாதம் கிட்டத்தட்ட 17,000 கைக்காசு போகும். வாடகைக்குள்ளேயே இஎம்ஐ அடங்க வேண்டுமானால் கடன் 20 லட்சத்தைத் தாண்டக்கூடாது. 1 லட்சத்துக்கு 868 ரூபாய் என்று நினைவில் வைத்துக்கொண்டால், எந்த வீட்டையும் பார்த்த இடத்திலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம்.

அப்படியென்றால் லாபம் எங்கே? மூன்று இடத்தில். குறைகளைக் காட்டி வாங்கும் விலையைக் குறைப்பதில், நிலத்தின் பங்கில், வீடு காலியாகக் கிடக்காமல் பார்த்துக்கொள்வதில். சீரமைப்பு இந்த மூன்றாவதற்குத்தான் உதவும். பளபளப்பான ஃபால்ஸ் சீலிங் போட்டால் வாடகை 2,000 கூடும் என்ற நினைப்பில் செலவு செய்பவர்கள் அந்தப் பணத்தைத் திரும்பப் பார்ப்பது அபூர்வம்.

நிலத்தின் பங்கு

ஃபிளாட் வாங்கும்போது உண்மையில் வாங்குவது யூடிஎஸ் எனப்படும் பிரிக்கப்படாத நிலப் பங்கைத்தான். கட்டடம் வருடா வருடம் தேயும், நிலம் தேயாது. தரைத்தளமும் இரண்டு மாடியுமாக உள்ள பழைய கட்டடத்தில் 850 சதுர அடி ஃபிளாட்டுக்கு 400 சதுர அடிக்கு மேல் யூடிஎஸ் இருப்பது சாதாரணம். பெரிய அடுக்குமாடித் தொகுப்புகளில் அதே அளவு ஃபிளாட்டுக்கு இது வெகுவாகக் குறையும். கேட்கும் விலையை யூடிஎஸ்ஸால் வகுத்துப் பார்த்து, அந்தத் தெருவில் காலி மனை என்ன விலைக்குப் போகிறது என்பதோடு ஒப்பிடுங்கள்.

கிரயப் பத்திரத்தில் ‘மொத்தம் 4,800 சதுர அடியில் பிரிக்கப்படாத 420 சதுர அடி’ என்று இருந்தால் அதோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது. அந்தக் கட்டடத்தின் எல்லா ஃபிளாட்டுகளுக்கும் விற்ற பங்குகளைக் கூட்டினால் 4,800 வருகிறதா? பதிவுத்துறை இணையதளத்தில் மனையின் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று எடுத்தால் எல்லாக் கிரயங்களும் வரிசையாகத் தெரியும். கூட்டுத்தொகை 4,800ஐத் தாண்டினால் ஒரே நிலத்தை இருமுறை விற்றிருக்கிறார்கள். மிகவும் குறைந்தால் பழைய நில உரிமையாளரோ பில்டரோ தன் கையில் பங்கு வைத்திருக்கிறார், மொட்டைமாடி உரிமையையும் சேர்த்து வைத்திருக்கக்கூடும். நாளைக்குக் கட்டடத்தை இடித்துக் கட்டும் பேச்சு வரும்போது அவர்தான் பெரிய தடையாக நிற்பார். மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் மறுகட்டுமானம் செய்ய 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வழி செய்திருக்கிறது. அதனால் பழைய கட்டடத்தில் யூடிஎஸ் கணக்கு சுத்தமாக இருப்பதன் மதிப்பு இப்போது கூடியிருக்கிறது.

பத்திரங்கள்

குறைந்தது 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரங்களும் (முந்தைய உரிமையாளர்களின் பத்திரங்கள்) வேண்டும். இடையில் யாராவது இறந்து சொத்து கைமாறியிருந்தால் வாரிசுச் சான்றைப் பாருங்கள். மகள்களின் கையெழுத்து விடுபட்டிருப்பதுதான் நம் ஊரில் அடிக்கடி வரும் சிக்கல். பவர் பத்திரம் வைத்து விற்றிருந்தால், விற்ற நாளில் பவர் கொடுத்தவர் உயிரோடு இருந்தாரா என்று உறுதி செய்ய வேண்டும்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பது மட்டும் போதாது. பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கைமாற்றுக் கடன் பதிவாகாமல் இருந்தால் அதில் தெரியவே தெரியாது. அதனால் அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். விற்பவருக்கு வங்கிக் கடன் பாக்கி இருந்தால், அந்த வங்கியிடமிருந்து பாக்கித் தொகைக் கடிதமும், அவர்களிடம் உள்ள ஆவணங்களின் பட்டியலும் வாங்கி, பணத்தை நேரடியாக அந்தக் கடன் கணக்கில் கட்டுங்கள். பிறகு அடமான ரத்து ரசீதைப் பதிவு செய்து, அது வில்லங்கச் சான்றில் ஏறியதைப் பார்த்துவிட வேண்டும்.

அனுமதி பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். தரைத்தளமும் இரண்டு மாடியும் மட்டும் அனுமதி வாங்கிவிட்டு மூன்றாவது மாடி எழுப்பியிருந்தால், அந்த மாடி ஃபிளாட்டுக்கு வங்கிக் கடன் கிடைப்பதே கஷ்டம். விலை மலிவாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஒப்பந்தத்தில் தவறாமல் ஒரு வரி சேர்க்க வேண்டும்: பத்திரக் குறையாலோ கட்டட விதிமீறலாலோ வங்கி கடன் மறுத்தால் அட்வான்ஸ் முழுவதும் இத்தனை நாளில் திருப்பித் தரப்படும். இந்த வரிக்கு மறுக்கும் விற்பனையாளருக்குத் தன் பத்திரத்தின் மேலேயே நம்பிக்கையில்லை.

விலையில் ஒரு பகுதியைக் ரொக்கமாகக் கேட்டால் ஒதுங்கிவிடுங்கள். சொத்துப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அது மட்டுமல்ல, பத்திரத்தில் காட்டாத தொகைக்குக் கடன் கிடைக்காது. பின்னால் விற்கும்போது அது உங்கள் வாங்கிய விலையிலும் சேராது. பத்திர விலை, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், வித்தியாசத்தை உங்கள் வருமானமாகவே எடுத்துக்கொள்வார்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் டிடிஎஸ் (வரிப் பிடித்தம்) பிடித்து அரசுக்குக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு. விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் இந்த 1 சதவீதக் கணக்கு செல்லாது, பிடித்தம் பல மடங்கு கூடும். பதிவுக்கு முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிட வேண்டும்.

கடன்

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரையும், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும்தான் உச்சவரம்பு. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்த மதிப்பில் சேராது. மேலே சொன்ன ஃபிளாட்டுக்கு 80 சதவீதம் என்றால் 44 லட்சம் வர வேண்டும். ஆனால் வங்கியின் மதிப்பீட்டாளர் பழைய கட்டடத்தைப் பார்த்து 50 லட்சம் என்று எழுதினால் கிடைப்பது 40 லட்சம்தான். மீதி 4 லட்சத்துக்குக் கடைசி வாரத்தில் ஓட வேண்டியிருக்கும். அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, 67.5 லட்சத்தில் கடன் போக 27.5 லட்சம் சொந்தப் பணம் தயாராக இருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டடத்தின் வயதும் கடனைப் பாதிக்கும். மிச்ச ஆயுள் குறைவு என்று பொறியாளர் எழுதினால் 20 வருடம் கேட்ட இடத்தில் 12 வருடம் கிடைக்கும். அதே 40 லட்சத்துக்கு இஎம்ஐ 44,000 ஆகிவிடும்.

2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் கொடுக்கும் மிதக்கும் வட்டி (அவ்வப்போது ஏறி இறங்கும் வட்டி) வீட்டுக்கடன்கள் பெரும்பாலும் ரெப்போ விகிதத்தோடு, அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியோடு, இணைந்தவை. வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு அந்த விதி பொருந்தாது. அங்கே வட்டி குறைவது தாமதமாகும், சில சமயம் நீங்களே எழுதிக் கேட்க வேண்டும். மிதக்கும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது. கடனோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒற்றைப் பிரீமியம் ஆயுள் காப்பீடு வேண்டாம் என்று தயங்காமல் சொல்லலாம், அது கட்டாயமல்ல.

சீரமைப்புப் பணத்தைத் தனிநபர் கடனில் எடுப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. வீட்டுக்கடன் விண்ணப்பத்தோடேயே சீரமைப்புக் கடனையும் கேளுங்கள். பொறியாளர் கையெழுத்திட்ட எஸ்டிமேட் கேட்பார்கள், பணம் வேலை நடக்க நடக்கத் தவணையாக வரும். அதுவரை கொத்தனாருக்குக் கூலி நிற்காமல் இருக்க, வீட்டு நகையை வைத்துக் குறுகிய காலக் கடன் எடுத்து, வங்கிப் பணம் வந்ததும் மீட்பது நம் ஊரில் பலரும் செய்வது. தேதி வைத்து மீட்க முடியும் என்றால் மட்டும் செய்யலாம்.

வரிக் கணக்கு இரண்டு வகை. வாடகையிலிருந்து கட்டிய சொத்து வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதத்தை நிலையான கழிவாக எடுக்கலாம். ரிப்பேருக்கு நிஜமாக எவ்வளவு செலவானது என்பது இங்கே பொருட்டல்ல. அதற்குப் பிறகு கடன் வட்டி. 40 லட்சக் கடனில் முதல் வருட வட்டியே சுமார் 3.37 லட்சம், ஆகவே கணக்கில் கிட்டத்தட்ட 2 லட்சம் நட்டம் வரும். பழைய வரி முறையில் வருடத்துக்கு 2 லட்சம் வரை இதைச் சம்பளத்தில் கழிக்கலாம். புதிய முறையில் முடியாது. ‘வரி மிச்சமாகும்’ என்று சொல்லி விற்பவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

கட்டடத்தைப் படிப்பது

முடிந்தால் நவம்பரில் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஒழுகாத வீடு கோடையிலும் ஒழுகாது; ஏப்ரலில் புதுப் பெயிண்ட் அடித்துக் காட்டும் வீட்டைப் பற்றி எதுவும் தெரியாது. வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர் பக்கம் என்றால் 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று வாட்ச்மேனிடமும் பக்கத்துக் கடையிலும் கேளுங்கள். மீட்டர் பெட்டிகள் அந்த மட்டத்துக்கு மேலே இருக்கின்றனவா, சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) மூடி தரையோடு தரையாக இருக்கிறதா என்பது முக்கியம். வெள்ளத்தில் சாக்கடை சம்புக்குள் இறங்கிவிட்டால் வாடகைதாரர் காலி செய்வார்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று கம்பியைத் தின்றிருக்கும். ஒரு சிறிய சுத்தியலால் பால்கனி ஸ்லாபின் அடிப்பக்கத்தையும் சன்ஷேடுகளையும் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல கான்கிரீட் ‘டங்’ என்று கெட்டியாக ஒலிக்கும். உள்ளே பிரிந்த இடம் பொத்தென்று வெற்றாக ஒலிக்கும், பெயிண்டுக்கு மேல் எதுவும் தெரியாவிட்டாலும். கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக விரிசல் இருந்தால் அது பூச்சு விரிசல் அல்ல. கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. இதன் மேல் சிமென்ட் பூசி மூடினால் இரண்டு மழைக்குள் பெயர்ந்து விழும். உளுத்த கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுத்து, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாக பிரைமர் அடித்து, பிணைப்புப் பூச்சுக்குப் பிறகு பாலிமர் கலந்த காரையால் நிரப்ப வேண்டும். கம்பி பாதி தேய்ந்து போயிருந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்துதான் ஆக வேண்டும். தூண்களில் இந்த விரிசல் தெரிந்தால் வாங்காதீர்கள், அது ஒரு ஃபிளாட்டுக்காரர் மட்டும் சரிசெய்யும் வேலையல்ல.

மேல் மாடி ஃபிளாட் என்றால் மொட்டைமாடியில் ஏறி, தரையில் பதித்த தட்டோடுகளின் இணைப்புகளையும் மழைநீர்க் குழாய் வாயையும் பாருங்கள். மொட்டைமாடி ரிப்பேர் செலவை ஃபிளாட் உரிமையாளர் சங்கம் ஏற்குமா, மேல் மாடிக்காரர் தலையிலேயே விழுமா என்பதைச் சங்கத்தின் கூட்டக் குறிப்பிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும், வாய்ச்சொல்லிலிருந்து அல்ல.

வேலை வரிசை

6.5 லட்சத்தை உத்தேசமாக இப்படிப் பிரிக்கலாம்: இரண்டு பாத்ரூம் 2.5 லட்சம், வயரிங் 90,000, சமையலறை 1.1 லட்சம், பெயிண்ட் 90,000, ஜன்னல், கதவு, கொசுவலை 50,000, எதிர்பாராததற்கு 60,000. கடைசித் தொகையைத் தொடாமல் வைத்திருங்கள், பழைய சுவரைக் கொத்தினால் ஏதாவது வரும்.

இடிப்பு, கான்கிரீட் ரிப்பேர், பிளம்பிங், வயரிங்குக்குச் சுவர் கொத்துவது, பூச்சு, நீர்க்கசிவுத் தடுப்பு, டைல்ஸ், மர வேலை, பட்டி, பெயிண்ட், பிறகு ஃபிட்டிங்ஸ். இந்த வரிசை மாறினால் ஒரே வேலைக்கு இருமுறை கூலி போகும். எலக்ட்ரீஷியன் வராமல் டைல்ஸ்காரர் வந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

பாத்ரூமுக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும், ஏனென்றால் கீழ்வீட்டுக் கூரை நனைந்தால் சங்கம், சண்டை, நஷ்டஈடு என்று இழுக்கும். அந்தக் காலத்து ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்கள் உள்ளே துருப்பிடித்து விட்டம் பாதியாகியிருக்கும். பகுதி பகுதியாக மாற்றாமல் முழுவதையும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றுங்கள். சுவரை மூடும் முன் எல்லா வாயையும் அடைத்து, பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி, மானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

5க்கு 8 அடி பாத்ரூமில் தரை 40 சதுர அடி. சுவரில் 7 அடி உயரத்துக்கு, கதவு போக, சுமார் 165 சதுர அடி. மொத்தம் 205க்குச் சேதாரம் 10 சதவீதம் சேர்த்து 225 சதுர அடி டைல்ஸ் வாங்கினால் போதும். ஒட்டும் பசை 20 கிலோ மூட்டை 40 முதல் 50 சதுர அடி வரை வரும், 5 மூட்டை. டைல்ஸுக்கு முன்னால் தரை முழுவதும், சுவரில் ஓரடி உயரமும், ஷவர் மூலையில் 6 அடி உயரமும் பாலிமர் சிமென்ட் பூச்சு இரண்டு கோட்டிங் அடிக்க வேண்டும், இரண்டாவது முதலாவதற்குக் குறுக்காக. குழாய் தரையைத் துளைக்கும் இடமும் சுவரும் தரையும் சேரும் மூலையும்தான் ஒழுகும் இடங்கள். அங்கே பூச்சுக்குள் வலைத்துணி வைக்கச் சொல்லுங்கள். பூச்சு காய்ந்ததும் நானி டிராப் (தரையில் தண்ணீர் வடியும் குழி) வாயை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, 48 மணி நேரம் விட்டு, கீழ்வீட்டுக்குப் போய்க் கூரையைப் பாருங்கள். மேஸ்திரி ‘ஒரு ராத்திரி போதும் சார்’ என்பார். போதாது, மெல்லிய கசிவு இரண்டாம் நாள்தான் தெரியும். டைல்ஸ் தரைக்கு மீட்டருக்கு 12 முதல் 15 மி.மீ. சரிவு வேண்டும். அறைத் தரையைவிட பாத்ரூம் தரை 20 மி.மீ.யாவது தாழ்ந்திருக்க வேண்டும்.

வயரிங்கில் விளக்கு, ஃபேனுக்கு 1.5 சதுர மி.மீ., 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனியாக 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) கட்டாயம் வைக்க வேண்டும். பழைய கட்டடங்களில் எர்த் கம்பி பிளக்கில் இருக்கும், கீழே எதோடும் சேர்ந்திருக்காது. மீட்டர் பெட்டி வரை போய்ச் சோதிக்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாமல் கீசர் மாட்டிக் கொடுப்பது உயிரோடு விளையாடுவது. இரண்டு ஏசி ஓடும் என்றால் மின்வாரியத்தில் அனுமதிக்கப்பட்ட லோடை ஏற்ற இப்போதே விண்ணப்பித்துவிடலாம்.

மொசைக் தரை விரிசலில்லாமல் இருந்தால் உடைக்காதீர்கள். மெஷினில் அரைத்துப் பாலிஷ் போட்டால் இன்னும் பல வருடம் உழைக்கும், ரப்பீஸ் (இடிபாடு) அள்ளும் செலவும் மிச்சம். பழைய தரை மேலேயே டைல்ஸ் ஒட்டினால் மட்டம் அரை அங்குலம் ஏறும், எல்லாக் கதவையும் அடியில் சீவ வேண்டும், பாத்ரூம் நிலைப்படியின் உயரமும் மாறும்.

சமையலறையில் வாடகை வீட்டுக்கு மாடுலர் தேவையில்லை. கிரானைட் மேடை, கீழே கடப்பா கல் தட்டுகள், மேலே ஒரு வரிசை அலமாரி போதும். சிங்க் அடியில் ப்ளைவுட் போடுவதானால் தண்ணீர் தாங்கும் ப்ளைவுட்டுக்கான ஐஎஸ் 710 முத்திரை உள்ளதாக இருக்கட்டும், சாதாரண ப்ளை அங்கே இரண்டு வருடம் தாங்காது. ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தே தீர வேண்டும், வீடு பார்க்க வருபவர்கள் முதலில் கேட்பதில் அதுவும் ஒன்று. புதுப் பூச்சின் மேல் அவசரப்பட்டுப் பட்டி பார்த்தால் உப்புப் பூத்து உரியும். நான்கு வாரம் காய விட முடியாவிட்டால் அந்தச் சுவரைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

காண்ட்ராக்டருக்கு முன்பணம் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். குழாய் அழுத்தச் சோதனை, தண்ணீர் கட்டும் சோதனை, டைல்ஸ், பெயிண்ட் என்று முடிந்த கட்டத்துக்குப் பணம். 5 முதல் 10 சதவீதத்தை ஒரு மழைக்காலம் முடியும்வரை பிடித்து வைப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம் விலைக்குள்ளா, தனியா என்பதை எஸ்டிமேட்டிலேயே கேட்டுவிட வேண்டும். ரப்பீஸை யார் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்பதும் அதில் இருக்கட்டும், தெருவில் கொட்டினால் மாநகராட்சி அபராதம் போடும்.

ஜனவரியில் தொடங்கினால் ஏப்ரலுக்குள் முடியும். பள்ளிக்கூட விடுமுறையில்தான் குடும்பங்கள் வீடு மாறுகின்றன. ஜூலையில் தயாராகும் வீடு பல வாரம் சும்மா கிடக்கும்.

வாடகைக்கு விடும்போது

11 மாத ஒப்பந்தம்தானே, பதிவு வேண்டாம் என்ற பழைய வழக்கம் இப்போது செல்லாது. 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின், எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதிவு இல்லாவிட்டால் காலி செய்ய வைக்கும் வழக்கில் உங்கள் கை பலவீனமாகிவிடும். வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைதான். சென்னையின் பழைய பத்து மாத அட்வான்ஸ் வேண்டுமென்றால் அதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுத வேண்டும். பராமரிப்புக் கட்டணம், தண்ணீர் லாரிச் செலவு யாருடையது, காலி செய்யும்போது பெயிண்டுக்கு எவ்வளவு பிடிப்பது என்பதையும் எழுதுங்கள்.

சொத்து வரி, குடிநீர் வாரிய இணைப்பு, மின் இணைப்பு மூன்றையும் கிரயமான கையோடு பெயர் மாற்றிவிடுங்கள். மாநகராட்சிச் சொத்து வரியை ஒவ்வொரு அரையாண்டிலும் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகை உண்டு.

சீரமைப்பு பில்கள் அனைத்தையும் ஸ்கேன் செய்து, வங்கி வழியாகப் பணம் போனதற்கான சான்றோடு வைத்திருங்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு விற்றால், 2024 ஜூலை 23 அல்லது அதன் பின் வாங்கிய சொத்துக்குப் பணவீக்கச் சரிக்கட்டு (விலைவாசி உயர்வுக்கு ஏற்ப வாங்கிய விலையை ஏற்றிக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5 சதவீத மூலதன ஆதாய வரி. பாத்ரூமை முழுவதும் புதிதாகக் கட்டியது, வயரிங் மாற்றியது போன்ற மேம்பாட்டுச் செலவைப் பில் இருந்தால் வாங்கிய விலையோடு சேர்க்கலாம். வெறும் பெயிண்ட் அடித்தது அதில் சேராது. அதனால் காண்ட்ராக்டரிடம் ஒரே பில்லாக வாங்காமல், இரண்டையும் தனித்தனி பில்லாகக் கேட்டு வாங்குங்கள்.